புதுப்பித்து விற்கும் வீடு: கழித்தலில் தொடங்கும் பட்ஜெட்

பழைய வீட்டை வாங்கிச் சரிசெய்து விற்கலாம், இல்லாவிட்டால் வாடகைக்கு விடலாம் என்று முதலீட்டில் இறங்குபவர்கள் முதலில் கேட்பது, "இதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும்?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் இரண்டாவதாக. முதலில் கேட்க வேண்டியது, "இந்த வீட்டில் செலவு செய்ய எனக்கு எவ்வளவு இடமிருக்கிறது?" என்பது. இரண்டு கேள்விக்கும் ஒரே விடை வருவது அபூர்வம். சரிசெய்ய ஆகும் செலவு பெரிதாகவும், செலவு செய்ய இருக்கும் இடம் சிறிதாகவும் வந்தால் அந்த வீடு உங்களுக்கானது இல்லை.

குடியிருக்கும் வீட்டில் இந்தக் கண்டிப்பு தேவையில்லை. பிடித்த கல்லைத் தரையில் போட்டுக்கொண்டு இருபது வருடம் அதன்மேல் நடக்கலாம். முதலீட்டு வீட்டில் நடக்கப்போவது வேறொருவர். அவர் எவ்வளவு கொடுப்பார் என்பதிலிருந்துதான் கணக்கு பின்னோக்கி வரவேண்டும்.

எல்லா வேலையும் முடிந்தபின் வீடு விற்கும் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர்ப் பணத்தில் அது எத்தனை லட்சமோ கோடியோ, போட்டுக்கொள்ளுங்கள். விற்கும்போது தரகு, வழக்கறிஞர் கட்டணம் போன்றவற்றுக்கு 6 போகிறது. வீட்டைக் கையில் வைத்திருக்கும் மாதங்களில் கடன் வட்டி, சொத்து வரி, காப்பீடு, மின்கட்டணம், காவல் என்று மாதம் 1 வீதம் 7 மாதத்துக்கு 7. உங்களுக்கு வேண்டிய லாபம் 15. வாங்கும் விலை 50, பதிவுக்கும் வரிக்கும் 5. எல்லாவற்றையும் 100-இலிருந்து கழித்தால் மிச்சம் 17. மராமத்துக்கு உங்களிடம் இருப்பது இந்த 17 மட்டுமே. எதிர்பாராத செலவுக்கு ஒதுக்குவதும் இதற்குள்தான் வரவேண்டும்.

இதில் வேடிக்கை, பட்ஜெட்டைப் பற்றிய பேச்சில் மராமத்துச் செலவே கடைசியாக வருகிறது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மராமத்துக்கு 25 ஆகும் என்று எழுதிவிட்டு, லாபத்தைக் கடைசி வரியில் போட்டு, மிச்சமிருப்பதை ஏற்றுக்கொள்கிறார்கள். அப்படி எழுதும் கணக்கில் தேய்வது எப்போதும் லாபம்தான்.

100 என்ற எண் தவறினால் மற்றதெல்லாம் வீண். அதே பகுதியில், ஏறக்குறைய அதே அளவில், ஏற்கெனவே சரிசெய்யப்பட்ட நிலையில், கடந்த சில மாதங்களில் விற்ற வீடுகளைப் பாருங்கள். விற்ற விலை வேண்டும். விளம்பரத்தில் கேட்கும் விலை வெறும் ஆசை. மூன்று நான்கு விலைகள் கிடைத்தால் சராசரிக்குச் சற்றுக் கீழே நில்லுங்கள். ஒவ்வொரு தெருவுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு என்பதையும் மறக்கவேண்டாம். அந்தத் தெருவில் இதுவரை எந்த வீடும் 110-ஐத் தாண்டவில்லை என்றால், உள்ளே பளிங்கு போட்டாலும் 130 கொடுக்க ஆள் வருவது கடினம். அந்தப் பணத்தை வைத்திருப்பவர் பெரும்பாலும் வேறு தெருவில் தேடுவார்.

அமெரிக்காவில் வீடு வாங்கி விற்பவர்களிடம் 70 சதவீத விதி என்று ஒன்று புழங்குகிறது. சரிசெய்தபின் கிடைக்கும் விலையில் 70 சதவீதத்தை எடுத்து, மராமத்துச் செலவைக் கழித்தால் வருவதுதான் கொடுக்கத்தக்க அதிகபட்ச விலை. நம் எடுத்துக்காட்டில் 70-இல் 17 போக 53. நாம் கொடுப்பது 50, ஆகவே தேறுகிறது. பத்து வீடுகளில் எதை விரிவாகப் பார்க்கலாம் என்று வடிகட்ட இது போதும். அதற்குமேல் நம்பாதீர்கள். பதிவுச் செலவும் வட்டியும் உயர்ந்த இடத்தில் மிச்சமுள்ள 30 சதவீதம் எதற்கும் பற்றாது.

சுவருக்குள் என்ன இருக்கிறது

17-க்குள் வேலை அடங்குமா என்று அறிய வீட்டைப் பார்க்கவேண்டும். புதிதாக வருபவர்கள் சமையலறை அலமாரி, தரையின் நிறம், சுவரின் அழுக்கு இவற்றைப் பார்ப்பார்கள். இவை கண்ணுக்குத் தெரிகிற செலவுகள். அதனால் இவற்றில் ஏமாறுவது கடினம். பட்ஜெட்டைக் கவிழ்ப்பவை தண்ணீர், அஸ்திவாரம், மின்வயர், கழிவுநீர்க் குழாய் ஆகிய நான்கு. இவை நான்கும் சுவருக்கும் தரைக்கும் அடியில் ஒளிந்திருப்பவை.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். சுவரின் அடிப்பகுதியில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருக்கிறதா? குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் பூச்சு உப்பியிருக்கிறதா? வீடு முழுக்க மங்கிய பெயின்ட் இருக்க, ஒரு சுவர் மட்டும் புதிதாகப் பளிச்சென்றிருந்தால் அங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். கூரையின் அடியில் துருக்கறையும் கான்கிரீட் உதிர்வும் தெரிந்தால் விஷயம் பெரிது. உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்போது, அந்தத் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில்தான் கான்கிரீட் வெடித்து விழுகிறது. மேலே பூசி மறைத்தால் சில மாதங்களில் திரும்ப வரும்.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், சரியாக மூடாத கதவு, கோலிக்குண்டை வைத்தால் ஒரு பக்கமாக உருளும் தரை, இவை அஸ்திவாரம் நகர்ந்திருக்கலாம் என்பதற்கான அறிகுறிகள். ஒன்று மட்டும் இருந்தால் வேறு காரணம் இருக்கலாம். மூன்றும் சேர்ந்திருந்தால் கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துப் பாருங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம், வாங்காமல் விட்ட வீட்டுக்காகச் செலவானாலும் நஷ்டமில்லை.

எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்து அழுத்தம் குறைகிறதா என்று பாருங்கள். தரை வடிகாலில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று கவனியுங்கள். மின் பலகையைத் திறக்கச் சொல்லுங்கள். எர்த் இணைப்பு இருக்கிறதா, வயர்களின் உறை காய்ந்து உடைகிறதா என்று எலெக்ட்ரீசியன் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த தகடோ குழாயோ தரை ஓடோ இருக்கக்கூடும். அதை உடைத்தால் கிளம்பும் நுண்ணிழை நுரையீரலுக்கு ஆபத்து. அகற்றுவதற்குப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும், அதற்கு பட்ஜெட்டில் தனி வரி வேண்டும்.

அளந்து எழுதினால்தான் எண்

"சதுர அடிக்கு இவ்வளவு" என்று மொத்தமாகப் போடும் மதிப்பீடு முதல் பார்வைக்கு உதவும். பணத்தைக் கட்டும் முன் அறை அறையாக அளந்து, வேலை வேலையாக எழுதிய பட்டியல் வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு சின்ன அறை போதும்.

12 அடிக்கு 10 அடி அறை. தரைக்கு டைல்ஸ் 120 சதுர அடி என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் சுவரோரம் நாலு அங்குல உயரத்துக்கு ஸ்கர்ட்டிங் ஓடுமே? சுற்றளவு 44 அடி, அதற்குக் கிட்டத்தட்ட 15 சதுர அடி. ஆக 135. வெட்டும்போது உடைவதற்கும் வீணாவதற்கும் 10 சதவீதம் சேர்த்தால் 148 வரும். டைல்ஸைச் சாய்வாகப் போடுவதென்றால் சேதம் இன்னும் கூடும். ஒரே அறையில், ஒரே பொருளில், கிட்டத்தட்ட கால் பங்கு விட்டுப்போயிருக்கிறது! இன்னொன்றும் உண்டு. பழைய தரையைக் காரையோடு சேர்த்து 2 அங்குலம் பெயர்த்தால் கெட்டியாக 20 கன அடி. இடிபாடாகக் குவியும்போது அது 30 கன அடி வரை ஊதிவிடும். அதை மாடியிலிருந்து இறக்கி, வண்டியேற்றி, கொட்ட அனுமதியுள்ள இடத்தில் கொட்டவேண்டும். தொடக்கக்காரர்களின் பட்டியலில் நான் அதிகம் காணாத வரி இதுதான்.

விட்டுப்போகும் மற்றவை: சாரம் கட்டும் செலவு, வேலை நடக்கும்போது தண்ணீரும் மின்சாரமும், பொருட்களை ஏற்றி இறக்கும் கூலி, அனுமதிக் கட்டணம், வேலை முடிந்தபின் வீட்டைச் சுத்தம் செய்வது, விற்பனைக்குப் படம் எடுப்பது. ஒவ்வொன்றும் சின்னதுதான். எல்லாம் சேர்ந்தால் ஒரு குளியலறையின் விலை வந்துவிடும்.

பட்டியலில் எதை வைப்பது, எதை வெட்டுவது? என் வரிசை இது: முதலில் ஒழுகல், பாதுகாப்பு, சட்டம் சார்ந்தவை, அப்புறம் வாங்குபவர் கண்ணில் முதலில் படும் சமையலறை, குளியலறை, முகப்பு, கடைசியில்தான் அலங்காரம். புதிய வயரிங்கை யாரும் பார்த்துப் பாராட்டமாட்டார்கள், ஆனால் அது இல்லையென்று தெரிந்தால் விலையை அடித்துக் குறைப்பார்கள்.

ஒதுக்கி வைத்த பணம் மிச்சப் பணம் இல்லை

17-இலிருந்து 2.5-ஐ எதிர்பாராத செலவுக்கென்று எடுத்து வைத்துவிட்டு, 14.5-க்குள் பட்டியலை முடிக்கப் பாருங்கள். அதாவது வேலைச் செலவில் ஏறக்குறைய 17 சதவீதம். பெயின்ட், தரை போன்ற மேல்பூச்சு வேலை என்றால் 10 சதவீதம் போதும். சுவரை உடைக்கும் வேலை, வயதான வீடு என்றால் 20 சதவீதம்கூட அதிகமில்லை. சமையலறைக்கு நல்ல கல் போடத் தோன்றும்போதெல்லாம் இந்தப் பணம் கண்ணைச் சிமிட்டும். அதைத் தொடக்கூடாது. உடைத்தபின் தெரியவந்த பழுதுக்கு மட்டுமே அது. உங்கள் மனமாற்றத்துக்கு அது பொறுப்பில்லை.

"நான் கவனமாகத்தானே கணக்குப் போட்டேன், ஏன் இவ்வளவு ஒதுக்கவேண்டும்?" என்று தோன்றும். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் இந்தப் பலவீனத்துக்கு ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் திட்டமிடல் மயக்கம் எனலாம். நம் வேலை எல்லாம் நல்லபடியாக நடக்கும் காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்து நாள் குறிக்கிறோம். முன்பு நமக்கு எத்தனை நாள் ஆனது என்று பார்ப்பதில்லை. 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது 33.9 நாள். எல்லாமே சொதப்பினால் எவ்வளவு ஆகும் என்றதற்குச் சொன்னது 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். தாங்களே கற்பனை செய்த மிக மோசமான நிலையையும் தாண்டிவிட்டார்கள். கட்டடங்களில் இதற்குப் பேர்போனது சிட்னி ஆப்பெரா மாளிகை. 1957-இல் அதற்கான மதிப்பீடு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், முடிவதாகச் சொன்ன வருடம் 1963. திறந்தது 1973-இல், 10 கோடியே 20 லட்சம் செலவழித்து. இரண்டு படுக்கையறை வீட்டை அதோடு ஒப்பிடுவது கொஞ்சம் அநியாயம்தான். ஆனாலும் மயக்கம் ஒரே மயக்கம்.

வேலை வரிசை

நாள் கணக்கைத் தனியாக எழுதவேண்டும், ஏனென்றால் நம் எடுத்துக்காட்டில் ஒவ்வொரு மாதமும் 1 போகிறது. வேலை 3 மாதம் தள்ளிப்போனால் 15-ஆக இருந்த லாபம் 12 ஆகிவிடும்; ஒரு செங்கல்கூடக் கூடுதலாக வாங்காமலே ஐந்தில் ஒரு பங்கு காலி. அதோடு சந்தையும் தளர்ந்து 100-க்குப் பதில் 95-க்கு விற்றால் லாபம் ஏழு சொச்சத்தில் வந்து நிற்கும்.

தாமதத்துக்குப் பெரிய காரணம் ஆட்கள் மெதுவாக வேலை செய்வது என்று நினைப்போம். என் அனுபவத்தில் அதைவிடப் பெரியது, ஒருவர் இன்னொருவருக்காகக் காத்திருப்பது. முதலில் கூரை ஒழுகலை நிறுத்தவேண்டும். மேலே நனையும்போது கீழே எது செய்தாலும் வீண். அப்புறம் இடிப்பு, கட்டமைப்புச் சீரமைப்பு. அதன்பின் சுவரை வெட்டிக் குழாயும் மின் பைப்பும் பதிப்பது. மூடும் முன் குழாயில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்கவேண்டும், அளவுநாடாவைப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு சுவரையும் படம் எடுக்கவேண்டும். ஆறு மாதம் கழித்து ஆணியடிக்கும்போது அந்தப் படத்தின் அருமை தெரியும். பிறகு பூச்சு, நீர்த்தடுப்பு, டைல்ஸ், மரவேலை, பெயின்ட், கடைசியில் சுவிட்சும் குழாய்த்தலையும் விளக்கும்.

சிமென்ட் வேலைக்கு நாள் கொடுத்துத்தான் ஆகவேண்டும். புதிய பூச்சும் கான்கிரீட்டும் வழக்கமாக ஒரு வாரமாவது ஈரத்தில் இருக்கவேண்டும். கான்கிரீட்டின் வலிமையை 28-ஆம் நாளில் அளப்பது மரபு. காயாத சுவரில் பெயின்ட் அடித்தால் உரிந்து வரும். என் முதல் வேலையில் குளியலறைத் தரைக்கு நீர்த்தடுப்புப் பூசியதும், ஒரு நாள் தண்ணீர் கட்டிவைத்துச் சோதிக்கவேண்டும் என்பதைக் காண்டிராக்டரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாளே டைல்ஸ் ஒட்டினோம். இரண்டே வாரத்தில் கீழ்த்தளத்துக் கூரையில் ஈரம். ஒரு நாள் மிச்சம்பிடித்ததற்கு 19 நாள் போனது, டைல்ஸ் இரண்டாம் முறையும் வாங்கினேன்.

ஆர்டர் கொடுத்துச் செய்யவேண்டிய ஜன்னல், கதவு, அலமாரி ஆகியவற்றுக்குத் திறப்பின் அளவு உறுதியான அன்றே ஆர்டர் போகவேண்டும். பொருத்தும் வாரத்தில் போய்க் கேட்டால் வீடே உங்களுக்காகக் காத்திருக்கும். சுவரை இடிப்பது, அறையைச் சேர்ப்பது போன்றவற்றுக்கு உள்ளாட்சி அனுமதியும், அடுக்குமாடி என்றால் குடியிருப்போர் சங்க ஒப்புதலும் தேவைப்படலாம். அதற்கான வாரங்களையும் நாள்காட்டியில் வையுங்கள்.

கொட்டேஷனும் பணம் கொடுக்கும் முறையும்

மூன்று பேரிடம் விலை கேளுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். மூவரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொல்கிறார்களா என்பதை யாரும் பார்ப்பதில்லை. ஒருவர் பழைய தரையைப் பெயர்ப்பதைச் சேர்த்திருப்பார், இன்னொருவர் விட்டிருப்பார். ஒருவர் இரண்டு கோட் பெயின்ட் என்பார், மற்றவர் பட்டியும் பிரைமரும் சேர்த்து. அதனால் நீங்கள் எழுதிய பட்டியலை, பொருளின் தரத்தோடு, மூவரிடமும் அப்படியே கொடுத்து வரிவரியாக விலை வாங்குங்கள். ஒருவரின் தொகை மற்ற இருவரைவிட மிகவும் குறைந்திருந்தால் சந்தோஷப்படும் முன் எந்த வரி விடுபட்டிருக்கிறது என்று தேடுங்கள். பாதி வேலையில் அது "எக்ஸ்ட்ரா" என்ற பெயரில் திரும்பி வரும்.

கூலிக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டுப் பொருளை நீங்களே வாங்கினால் செலவு குறையலாம். ஆனால் தினமும் தளத்தில் நிற்கவேண்டும், சிமென்ட் தீர்ந்தால் ஓடவேண்டும், வேலை நின்றால் பழி உங்கள் மேல். வேறு வேலையில் இருந்துகொண்டு முதல் வீட்டைச் செய்பவர்களுக்குப் பொருளோடு சேர்த்த ஒப்பந்தம்தான் நல்லது என்பது என் கருத்து.

பணத்தை நாள் கணக்கில் கொடுக்கவேண்டாம், கட்டக் கணக்கில் கொடுங்கள். குழாய் பதித்துச் சோதனை முடிந்தால் இவ்வளவு, பூச்சு முடிந்தால் இவ்வளவு. முடிந்த வேலையின் மதிப்பைவிடக் கொடுத்த பணம் எப்போதும் அதிகமாக இருக்கக்கூடாது. கடைசி 5 முதல் 10 சதவீதத்தைக் குறைகளெல்லாம் சரியாகும்வரை கையில் வையுங்கள். நடுவில் ஏதாவது மாற்றினால், எவ்வளவு கூடும், எத்தனை நாள் கூடும் என்ற இரண்டையும் எழுதி இருவரும் ஒப்புக்கொண்டபின்தான் உளியைத் தொடவேண்டும். வாய்வார்த்தையில் சொன்ன மாற்றத்தின் விலை கடைசி பில்லில்தான் தெரியும், அதுவும் உங்கள் ஞாபகத்துக்குப் பொருந்தாத விலையாக.

வாடகைக்கு என்றால்

கழித்தல் அதேதான், ஆனால் லாபம் விற்பனையில் வருவதில்லை, மாதாமாதம் வருகிறது. ஒவ்வொரு வேலைக்கும் கூடுதலாக எவ்வளவு வாடகை வரும் என்று கேளுங்கள். சமையலறையை முழுதாக மாற்ற 4 செலவாகி, வருட வாடகை 0.3 மட்டும் கூடினால் பணம் திரும்ப 13 வருடத்துக்கு மேல் ஆகும். இரண்டாவது குளியலறைக்கு 3 செலவாகி 0.6 கூடினால் 5 வருடம். அழகைவிட நீண்ட நாள் உழைப்பது முக்கியம்: கீறல் விழாத தரை, துடைக்க முடிகிற பெயின்ட், எங்கும் கிடைக்கிற மாற்றுக் குழாய்த்தலை.

வேலை நடக்கும்போது

ஒரு தாளோ எக்செல் பக்கமோ போதும். ஒவ்வொரு வேலைக்கும் நான்கு கட்டங்கள்: மதிப்பிட்டது, ஒப்புக்கொண்டது, கொடுத்தது, இன்னும் முடிக்க ஆவது. பெரும்பாலோர் மூன்றாவதோடு நிறுத்திவிடுவார்கள். "40 சதவீதப் பணம்தான் போயிருக்கிறது" என்பது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று நான்காவது கட்டம் இல்லாமல் சொல்லவே முடியாது. வேலை 25 சதவீதம்தான் முடிந்திருக்கிறது என்றால் மீதிக்குப் பணம் பற்றாது என்று அர்த்தம். வாரம் ஒருமுறை தளத்தில் நின்று அந்தக் கட்டத்தை நிரப்புங்கள், வீட்டில் உட்கார்ந்து நிரப்பினால் எண் இனிப்பாகத்தான் வரும்.

வீடு விற்றபின் இந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். மதிப்பிட்டதையும் ஆனதையும் வரிவரியாக வைத்துப் பாருங்கள். பெயின்ட் ஏறக்குறைய சொன்னபடியே முடிந்திருக்கும். மின்வேலைக்கு 1.2 என்று எழுதி 1.7 ஆகியிருக்கும். அப்படியென்றால் அடுத்த வீட்டில் மின்வேலைக்கு மனதில் தோன்றும் எண்ணை 1.4-ஆல் பெருக்கி எழுதுங்கள், இந்த முறை எலெக்ட்ரீசியன் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் சரி.